சங்கிலிக்கு உயிர் கொடுத்த ஹான்ஸ் ரெனால்ட்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)

மலர்க் குழுவினர் அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று கேட்டபோது நான் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். அதற்குள் ஜி.டி.நாயுடு, அப்துல் கலாம், எடிசன், விஸ்வேஸ்வரய்யா எல்லாரையும் மற்ற துறை நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே சைக்கிளில் வீடு திரும்பினேன். ஏரிக்கரை மேட்டில் வழக்கம்போல செயின் கழன்றுவிட்டது. கை முழுக்க மசியைப் பூசிக்கொண்டு அதை மாட்டும்போதுதான் இந்தப் பெயர் ஞாபகத்துக்கு வந்தது. ஹான்ஸ் ரெனால்ட். சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார் எஞ்சின், கரும்பாலை, மின்தூக்கி என்று உலகமெங்கும் சுற்றிக்கொண்டிருக்கும் உருளைச் சங்கிலிக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர். அவர் பெயரைச் செயின் அட்டைப் பெட்டியில் நம்மில் பலர் படித்திருப்போம். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பது எனக்குச் சென்ற பருவத்தில்தான் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதையும் இடையிலே சொல்கிறேன்.

ரெனால்ட் 1852இல் ஸ்விட்சர்லாந்து நாட்டில் ஆராவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆராவ் என்றதும் நம் இயற்பியல் ஆசிரியருக்கு ஐன்ஸ்டீன் ஞாபகம் வரும். அவரும் 1895-96இல் அந்த ஊர்ப் பள்ளியில்தான் படித்தார். மலைநாட்டுக்காரரான ரெனால்ட் பொறியியல் படிக்கப் போன இடம் சூரிக் பாலிடெக்னிக். ஆமாம் நண்பர்களே, பாலிடெக்னிக்தான்! 1855இல் தொடங்கிய அந்தக் கல்விக்கூடத்தில்தான் பிற்பாடு ஐன்ஸ்டீனும் படித்தார். நம்முடைய டிப்ளமோவும் அந்தப் படிப்பும் ஒன்றல்ல, அது பட்டப்படிப்புக்கு நிகரானது என்று எங்கள் துறைத் தலைவர் திருத்தினார். இருக்கட்டும். பேர் ஒண்ணுதானே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

1873இல், இருபத்தொரு வயதில், அவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு வந்தார். அந்தக் காலத்து மான்செஸ்டர் என்றால் பஞ்சாலைகளின் தலைநகரம். நம் கோயம்புத்தூரில் முதன்முதலாக ஓடிய நூற்பு இயந்திரங்களுக்கும் அந்த வட்டாரம்தான் தாய்வீடு. இயந்திரங்களை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் ரெனால்ட் வேலைக்குச் சேர்ந்தார். வந்த ஊரின் மொழி வேறு, பழக்கம் வேறு. நம் மலைக்கிராமத்துப் பையன் சென்னைக்கு வேலைக்குப் போன மாதிரிதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆறு வருடம் கழித்து, 1879இல், ஸால்ஃபோர்டு என்ற இடத்தில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் நடத்திவந்த சின்னப் பட்டறை ஒன்றை ரெனால்ட் விலைக்கு வாங்கினார். நூற்பு இயந்திரங்களுக்கான சங்கிலி செய்யும் பட்டறை அது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அடுத்த வருடமே, 1880இல், உலகத்தையே இழுக்கப்போகும் அந்தக் கண்டுபிடிப்பைப் பதிவு செய்தார். புஷ் உருளைச் சங்கிலி.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். மற்ற துறை நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் இது தேவை.

சங்கிலியை ரெனால்ட் ஒன்றுமில்லாமல் கண்டுபிடிக்கவில்லை. லியனார்டோ டாவின்சியின் குறிப்பேட்டிலேயே அதன் படம் இருக்கிறது. 1829இல் பிரான்ஸ் நாட்டு கால் என்பவர் தகடும் ஆணியும் மட்டும் சேர்ந்த சங்கிலிக்கு உரிமை வாங்கினார். 1864இல் ஸ்லேட்டர் அதில் உருளையைச் சேர்த்தார். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே நோய். ஆணி தேய்ந்துகொண்டே போகும். ஏன்? உள்தகடு நேரடியாக ஆணி மேல் உட்கார்ந்து திரும்புகிறது. தகட்டின் கனம் எவ்வளவு? சைக்கிள் செயின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1 மி.மீ. இரண்டு உள்தகடுக்கும் சேர்த்து 2 மி.மீ. இழுக்கிற பாரம் முழுவதையும் அந்த 2 மி.மீ. இடம்தான் தாங்க வேண்டும். கத்தி முனையில் நிற்கிற மாதிரி. ரெனால்ட் என்ன செய்தார் என்றால், இரண்டு உள்தகட்டையும் இணைத்து ஒரு சிறிய குழாயை, அதாவது புஷ்ஷை, இறுக்கமாக அழுத்திவிட்டார். ஆணி அந்தப் புஷ்ஷுக்குள் திரும்பும். உருளை புஷ்ஷுக்கு வெளியே சுற்றும். இப்போது பாரம் தாங்கும் நீளம் 2 மி.மீ. அல்ல, புஷ்ஷின் முழு நீளம், 5 மி.மீ.க்கும் மேல். பாரம் அதேதான், ஆனால் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தேய்மானமும் இறங்கிவிட்டது. இவ்வளவுதான் விஷயம். கேட்டால் இதென்ன பெரிய வித்தையா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கால் என்பவருக்குப் பிறகு ஐம்பது வருடம் யாருக்கும் இது தோன்றவில்லையே!

(இப்போது வருகிற பல கியர் சைக்கிள் செயினில் தனியாகப் புஷ் கிடையாது. உள்தகட்டையே குமிழ்போல வளைத்துப் புஷ்ஷின் வேலையைச் செய்ய வைத்திருக்கிறார்கள். அப்பா ஓட்டுகிற பழைய கருப்புச் சைக்கிளில் ரெனால்ட் காலத்து அமைப்புதான்.)

செயின் இழுபட்டுப்போச்சு என்று நாம் சொல்கிறோமே, அது தப்பு. இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு ஆணியும் புஷ்ஷும் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடுகிறது. அரை அங்குல பிட்ச், அதாவது 12.7 மி.மீ. இடைவெளியில் நூறு கண்ணி உள்ள செயினின் நீளம் 1270 மி.மீ. ஒரு கண்ணிக்கு 0.1 மி.மீ. தேய்ந்தால் நம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் மொத்தத்தில் 10 மி.மீ. கூடிவிடும். அதனால்தான் செயின் தளர்கிறது, ஏரிக்கரை மேட்டில் கழல்கிறது.

ரெனால்டின் அதிர்ஷ்டமோ என்னவோ, பஞ்சாலைக்காகச் செய்த சங்கிலி சரியான நேரத்தில் வந்தது. 1885இல் ஸ்டார்லி என்பவர் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் முன்சக்கரத்திலேயே மிதிகட்டை வைத்த, ஆள் உயரச் சக்கரம் கொண்ட வண்டிதான் வழக்கம். விழுந்தால் பல் போகும். ரோவரில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, மிதிகட்டை நடுவிலே, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும். உலகம் முழுக்கச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. சைக்கிள் பெருகப் பெருகச் சங்கிலியின் தேவையும் பெருகியது. ஸால்ஃபோர்டு பட்டறைக்காரர் பெரிய தொழிலதிபர் ஆனார்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஒரு பழைய நான்கு சிலிண்டர் ஜீப் பெட்ரோல் எஞ்சின் வருடக்கணக்காகத் தூசி படிந்து கிடந்தது. சீனியர்கள் அதைத் தொட்டதில்லை. எங்கள் குழு நான்கு பேர். அதைக் கழற்றிப் பழுது பார்த்து, கண்காட்சி நாளில் ஓட வைப்பதுதான் எங்கள் திட்டப்பணி. கண்காட்சிக்கு அப்பாவை வரச் சொல்லியிருந்தேன். எங்க அப்பா கரும்பு வெட்டுகிறவர். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு வண்டியோடு போவதும் உண்டு. என்னைச் சேர்த்துவிட்ட நாளில் கல்லூரி வாசலோடு திரும்பிப் போனவர், அதுக்கப்புறம் உள்ளே வந்ததே இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். அதனால் அந்த எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்பது எனக்கு மார்க் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல.

முன்மூடியைக் கழற்றியதும் வயிறு கலங்கியது. கேம் ஷாஃப்ட் கியரில் வரிசையாகச் சில பற்களைக் காணோம். அந்த எஞ்சினில் கேம் கியர் முழு இரும்பு அல்ல. நடுவில் இரும்புக் குடம், சுற்றிலும் துணி அடுக்குகளைப் பேக்கலைட்டோடு சேர்த்து அழுத்திச் செய்த பல்வரிசை. இரும்போடு இரும்பு உரசினால் கூச்சல் அதிகம் என்பதற்காக அப்படிச் செய்வார்கள். சத்தம் குறையும், ஆனால் வயதானால் பல் உதிரும்.

புதுக் கியருக்குப் பணம் வேண்டும். நாலு பேர் பங்கு போட வேண்டும். என் பங்கு என்றால் அது அப்பாவின் கரும்பு வெட்டுக் கூலிதான். அப்போதுதான் நண்பன் ஒருவன் சேலத்தில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தான். அதே ஜீப் எஞ்சினின் பழைய ரகத்தில் வந்த டைமிங் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும். எடைக்கு எடை விலை. சல்லிசு! உடனே நான் செயின் கட்சி ஆகிவிட்டேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக்காரன் ஒருவன் எங்கள் குழுவில் உண்டு. அவன் கியர் கட்சி. மரவள்ளிக்குத் தண்ணி இறைக்கும் அவங்க வீட்டு ஆயில் எஞ்சினில் கியர்தான் இருக்கிறது, அவன் பிறந்ததிலிருந்து அதைக் கழற்றியதே இல்லை என்றான். நான் விடவில்லை. அம்பாசடரில் செயின், பத்மினியில் செயின், தெருவில் ஓடுகிற ஸ்ப்ளெண்டரில் செயின் என்று அடுக்கினேன். அவன் பதிலுக்கு லாரியில் கியர், புல்லட்டில் கியர் என்றான். வாய்ச்சண்டை முற்றி, எங்கள் ஆசிரியர் இரண்டு பேரையும் நூலகத்துக்கு அனுப்பினார். இரண்டின் வரலாற்றையும் எழுதிக்கொண்டு வா, அப்புறம் முடிவு செய்யலாம் என்றார். அங்கேதான் நான் ரெனால்டைச் சந்தித்தேன்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வேண்டும். அந்த இரண்டு தண்டையும் இணைப்பது எதனால்? கியரா, செயினா? மோட்டார் யுகம் பிறந்த நாளிலிருந்தே இந்த வழக்கு நடக்கிறது.

ரெனால்ட் இந்த வழக்கில் ஒரு முக்கியமான சாட்சி. உருளைச் சங்கிலிக்கு வேகம் கூடினால் சத்தம் வரும். காரணம், ஸ்ப்ராக்கெட் வட்டம் மாதிரி தெரிந்தாலும் சங்கிலிக்கு அது பலகோணம். கண்ணி ஒவ்வொன்றும் பல்லில் ஏறும்போது கொஞ்சம் உயர்ந்து கொஞ்சம் தாழும். 11 பல் இருந்தால் சங்கிலியின் வேகம் சுமார் 4 சதவீதம் ஏறி இறங்கும். 17 பல் என்றால் 1.7 சதவீதம். 25 பல் என்றால் 0.8 சதவீதம்தான். (கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் நண்பர்கள் 180 டிகிரியைப் பல் எண்ணிக்கையால் வகுத்து, அதன் கொசைனை ஒன்றிலிருந்து கழித்துக்கொள்ளவும்.) அதனால்தான் 17 பல்லுக்குக் கீழே போகாதே என்று வடிவமைப்புப் புத்தகங்கள் சொல்கின்றன. ரெனால்ட் 1895இல் இதற்கு இன்னொரு மருந்து கண்டார். அதன் பெயர் ஓசையற்ற சங்கிலி. உருளையே இல்லாமல், தகடுகளையே பல் வடிவில் வெட்டி அடுக்கிச் செய்தது. அதில் ஒரு அழகு உண்டு. சங்கிலி தேய்ந்து நீண்டால், அது ஸ்ப்ராக்கெட் பல்லின் மேல் கொஞ்சம் உயரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெரிய வட்டத்தில் சுற்றுவதால் கூடிய நீளம் அங்கேயே சரியாகிவிடும். தேய்மானத்தைத் தடுக்க முடியாவிட்டால் அதோடு சேர்ந்து வாழ வழி செய்வது! எனக்குப் புஷ்ஷைவிட இதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது. இந்த வகைச் சங்கிலி பிற்பாடு கார் எஞ்சின்களில் கேம் ஷாஃப்டைச் சுழற்றப் புகுந்தது.

இந்த இடத்தில் ரைட் சகோதரர்களைச் சொல்லாமல் போனால் பாவம். அவர்களே சைக்கிள் கடைக்காரர்கள். 1903இல் பறந்த அவர்களின் விமான எஞ்சினில் கேம் ஷாஃப்டைச் சுழற்றியது சங்கிலி. எஞ்சினிலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் சக்தி போனதும் சங்கிலி வழியாகத்தான். இரண்டு விசிறியும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு சங்கிலியை எட்டு வடிவத்தில் குறுக்கே திருப்பிக் குழாய்களுக்குள் ஓடவிட்டார்கள். ஸ்ப்ராக்கெட் தண்டில் நிற்காமல் கழன்றபோது, சைக்கிள் டயர் ஒட்டும் பசையை ஊற்றி ஒட்டினார்கள்! அந்தச் சங்கிலிகள் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்து டயமண்ட் நிறுவனத்தார் செய்தவை. அதே டயமண்டோடு கூட்டுச் சேர்ந்துதான் 1960இல் நம் சென்னையில் டி.ஐ. டயமண்ட் செயின் நிறுவனம் தொடங்கியது.

குறுக்கே போட்ட அந்தச் சங்கிலிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஏன் குறுக்கே போட வேண்டும்? சங்கிலி இரண்டு தண்டையும் ஒரே திசையில்தான் சுழற்றும். கியர் அப்படியல்ல. ஒரு பல்சக்கரம் வலமாகச் சுற்றினால் அதோடு கடித்துக்கொண்டிருக்கும் அடுத்தது இடமாகத்தான் சுற்றும். இதை முதல் வருடத்திலேயே படித்துப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஸ்ப்ராக்கெட்டை மாட்டிச் செயினைப் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது எனக்கு உறைக்கவே இல்லை. மறுநாள் ஓடிப்போய்ச் சுற்றிப் பார்த்தேன். கேம் ஷாஃப்ட் எதிர்த் திசையில் சுற்றுகிறது! எங்கள் எஞ்சினின் கேம் ஷாஃப்ட் கியருக்காக வெட்டியது. அதைத் தலைகீழ்த் திசையில் சுற்றினால், வெளியேற்றும் வால்வுக்குப் பிறகு திறக்க வேண்டிய உள்ளிழுக்கும் வால்வு அதற்கு முன்னால் திறக்கும். 1-3-4-2 என்கிற தீப்பற்றும் வரிசைக்கும் வால்வுக்கும் பொருத்தமே இருக்காது. எஞ்சின் உருமும், ஆனால் ஓடாது.

இந்த ஜீப் எஞ்சினின் சரித்திரமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் டைமிங் செயின்தான் இருந்தது. போர் முடிந்து பொதுமக்களுக்கான ஜீப் தயாரித்துக்கொண்டிருந்தபோது, 1946இல், அதே எஞ்சினைக் கியருக்கு மாற்றினார்கள். மாற்றியபோது கேம் ஷாஃப்டையும் ஆயில் பம்ப்பையும் சேர்த்தே மாற்றினார்கள். நான் செயினை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். செயினுக்கான கேம் ஷாஃப்ட், ஆயில் பம்ப், முன்மூடி எல்லாம் தேடி வாங்கினால் கியரைவிட மூன்று மடங்கு செலவு.

ஆக, எங்கள் எஞ்சினுக்குக் கியர்தான் என்று முடிவாயிற்று. மலைக்காரன் ஜெயித்தான். ஆனால் எல்லா எஞ்சினுக்கும் கியர்தான் உசத்தி என்று அவன் சொன்னால் இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு தண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கியர் நல்லது. டீசல் எஞ்சினில் எரிபொருள் பம்ப்பையும் அதே வரிசைதான் சுழற்ற வேண்டும், இழுப்பு முன்னும் பின்னும் அடிக்கும், அங்கே கியர் தாங்கும். ஆனால் ஸ்ப்ளெண்டர் மாதிரி கேம் ஷாஃப்ட் தலைக்கு மேலே இருந்தால், நடுவில் எத்தனை கியரை அடுக்குவது? அங்கே செயின்தான் அழகு. செயின் தேய்ந்தால் கேம் பின்தங்கும், அதற்கு டென்ஷனர் வேண்டும். கியரில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கியருக்குத் தண்டுகளின் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குச் சரியாக இருக்க வேண்டும். பழைய எஞ்சினில் மெயின் பேரிங் துளைகளைக் கடைந்து சீராக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் துளியளவு மேலே ஏறும். ஏறினால் கியர் இறுகிச் சீழ்க்கை அடிக்கும். செயினோ அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. டி.வி.எஸ். 50 வைத்திருக்கும் நண்பர்கள் இந்தச் சண்டையில் தலையிட வேண்டாம். அதில் வால்வும் இல்லை, கேம் ஷாஃப்ட்டும் இல்லை!

மறுபடி ரெனால்டுக்கு வருவோம். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, சங்கிலியைவிட அவர் பட்டறை நடத்திய விதம் என்னை யோசிக்க வைத்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பொறியியல் பட்டறைகளில் வாரத்துக்கு 53, 54 மணி நேரம் வேலை வாங்குவார்கள். ரெனால்ட் 1896இல் 48 மணி நேரம் போதும் என்று குறைத்தார். அதற்கு முந்தின வருடமே தொழிலாளர்கள் உட்கார்ந்து சாப்பிட உணவுக்கூடம் கட்டிக்கொடுத்தார். கரும்பு வெட்டுகிற பருவத்தில் எங்கப்பா விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து போவார், சோத்தை வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார். நூறு வருடத்துக்கும் முன்னால் ஒருத்தர் சாப்பாட்டுக்குக் கூடம் கட்டினார் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. ரெனால்ட் வெறும் நல்ல மனதால் மட்டும் இதைச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். களைத்த கை புஷ்ஷைச் சரியாக அழுத்தாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். சங்கிலி என்பது ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள். ஒரு துண்டு மோசமானாலும் சங்கிலி அங்கேதான் அறும்.

அமெரிக்காவின் எஃப்.டபிள்யூ.டெய்லர் வேலை ஆய்வு முறைகளைச் சொன்னபோது, அவற்றை இங்கிலாந்தில் முதலில் எடுத்துக்கொண்டவர்களில் ரெனால்டும் ஒருவர். தொழில் மேலாண்மைப் பாடத்தில் டெய்லர் பெயரை மனப்பாடம் செய்த நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அவருடைய மகன் சார்லஸ் ரெனால்ட் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து தந்தையோடு சேர்ந்தார். பிற்காலத்தில் பிரிட்டனில் மேலாண்மைத் துறையின் பெரிய மனிதர்களில் ஒருவராகத் திகழ்ந்தார். 1930இல் ரெனால்ட் நிறுவனமும் கவென்ட்ரி செயின் நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. இருபத்தோரு வயதில் வேலை தேடி வந்த ஸ்விஸ் இளைஞர், எழுபது வருடம் அந்த நாட்டிலேயே வாழ்ந்து, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல், தொண்ணூறு வயதைத் தாண்டிக் காலமானார். அவர் பிறந்தபோது சைக்கிளில் சங்கிலியே கிடையாது. அவர் இறந்தபோது போர்க்களத்தில் மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் சங்கிலியோடு ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் ஆய்வுக்கூடத்து எஞ்சினின் அண்ணன்களும் அதில் சேர்த்தி.

2008இல் அவர் பெயரிலான நிறுவனம் கோவை எல்.ஜி.பாலகிருஷ்ணன் சகோதரர்கள் நிறுவனத்தின் தொழிற்சாலைச் சங்கிலிப் பிரிவோடு கைகோத்தது. அதன் வழியாக ரெனால்ட் என்ற பெயர் தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டது. கரும்பாலையில் வண்டியிலிருந்து தள்ளிய கரும்பை அரவைக்கு இழுத்துக்கொண்டு போகும் பெரிய சங்கிலியை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கண்ணியும் ஒரு சாண் இருக்கும். சின்ன வயதில் அப்பாவோடு வண்டியில் போய் வரிசையில் காத்துக்கிடந்த ராத்திரிகளில் நான் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அதற்கும் சைக்கிள் செயினுக்கும் ஒரே தாத்தா என்று அப்போது யார் சொன்னார்கள்?

கியர் வாங்கினோம். அப்பா பணம் கொடுத்தார், எதுக்கு என்று கேட்கவில்லை. கிராங்க் கியரின் புள்ளியும் கேம் கியரின் புள்ளியும் நேருக்கு நேர் நிற்கும்படி வைத்துப் பூட்டினோம். பூட்டியதை நான் மூன்று தடவை கழற்றிப் பார்த்தேன், நண்பர்கள் திட்டினார்கள். கண்காட்சி அன்றைக்கு அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, கதவோரமாகவே நின்றார். முதல் சுற்றில் எஞ்சின் இருமியது. இரண்டாவதில் புகை விட்டது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கியர் லேசாக முனகிக்கொண்டே ஓடியது. ஆசிரியர் அப்பாவைக் கிட்டே கூப்பிட்டு நிற்க வைத்தார். அப்பா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, அரவை ஆரம்பிக்கிற சத்தம் மாதிரி இருக்கு என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சைக்கிள் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, 24 கண்ணியை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். 304.8 மி.மீ. இருக்க வேண்டியது 308 மி.மீ. இருந்தது. ஒரு சதவீதத்துக்கு மேல் தேய்மானம். மாற்ற வேண்டும் என்றேன். கள்ளக்குறிச்சியில் புதுச் செயின் வாங்கி மாட்டினோம். இப்போது ஏரிக்கரை மேட்டில் கழல்வதில்லை. பழைய செயினை அப்பா தூக்கிப் போடவில்லை. அதில்தான் எங்க வீட்டுக் கோழிக்கூண்டுக் கதவைக் கட்டியிருக்கிறது.